பள்ளிக்கரணை எத்தனை ஹெக்டேர்? செயற்கைக்கோள் படத்திலிருந்து நில மாற்றத்தைக் கணக்கிடும் விதம்

1960களில் சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் சுமார் 5,500 ஹெக்டேர் இருந்தது, இன்று மிச்சம் 600 ஹெக்டேர்தான் என்று அடிக்கடி படிக்கிறோம். 2022இல் அது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது குறிக்கப்பட்ட பரப்போ ஏறக்குறைய 1,248 ஹெக்டேர். அதற்குள் காப்புக்காடாக இருப்பது 700 ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவு. மிச்சம் 600 என்றால் 1,248 எங்கிருந்து வந்தது?

ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் கட்டுமான அனுமதி தரக்கூடாது என்று 2025இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகு இந்தக் குழப்பம் வீட்டுக் கடன் வாங்கியவர்கள் வரை வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் இரண்டு செயற்கைக்கோள் படங்களை அருகருகே வைத்து, "அன்று நீர், இன்று கான்கிரீட்" என்று ஒரு தரப்பு அனுப்புகிறது. வேறு இரண்டு படங்களை வைத்து, "இங்கே எப்போதுமே தண்ணீர் இல்லை" என்று மறு தரப்பு அனுப்புகிறது. இரண்டுமே உண்மையான படங்களாக இருக்கலாம். படத்தைப் பரப்பளவாக மாற்றும்போது சில முடிவுகளை மனிதர் எடுக்க வேண்டியிருக்கிறது. எண்கள் பிரிவது அங்கேதான்.

படத்துக்குள் இருப்பது எண்கள்

செயற்கைக்கோள் ஒரு இடத்திலிருந்து திரும்பி வரும் ஒளியை அளக்கிறது. அளக்கும் மிகச்சிறிய சதுரம்தான் பிக்சல். ஒவ்வொரு பிக்சலுக்கும் பல எண்கள் உண்டு: நீலம், பச்சை, சிவப்பு, அப்புறம் நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு, குறுஅலை அகச்சிவப்பு. இவற்றைப் பட்டைகள் என்பார்கள்.

நில மாற்றத்தைப் படிக்க அதிகம் உதவுவது கண்ணுக்குத் தெரியாத பட்டைகளே. செழிப்பான இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டு அண்மை அகச்சிவப்பைப் பளீரென்று திருப்பி அனுப்பும். நீர் அந்த அகச்சிவப்பைக் கிட்டத்தட்ட முழுவதுமாக விழுங்கிவிடும். ஆய்வறிக்கைகளில் செடிகொடி எல்லாம் ரத்தச் சிவப்பில் இருப்பது இதனால்தான். அகச்சிவப்புப் பட்டைக்குச் சிவப்பு நிறம் கொடுத்துக் காட்டுவது பழைய வழக்கம். அந்தச் சிவப்பை ஆபத்துப் பகுதி என்று நினைத்துப் பகிர்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பிக்சல் எவ்வளவு பெரியது?

சென்னைக்காரர்களுக்கு இதை கிரவுண்டில் சொன்னால் எளிது. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 223 சதுர மீட்டர்.

1. 1972இல் ஏவப்பட்ட, அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் பிக்சல் ஏறக்குறைய 80 மீட்டர். ஒரு பிக்சலுக்குள் ஒன்றரை ஏக்கருக்கு மேல் அடங்கும். ஒரு தெருவே அதற்குள் காணாமல் போகும்.
2. 1980களில் வந்த லேண்ட்சாட்டுகளுக்கும் இன்றைய லேண்ட்சாட் 8, 9க்கும் முதன்மைப் பட்டைகளில் பிக்சல் 30 மீட்டர். நான்கு கிரவுண்டு.
3. இந்தியாவின் ரிசோர்ஸ்சாட் வரிசையில் லிஸ்-3 கருவிக்கு 23.5 மீட்டர், லிஸ்-4க்கு 5.8 மீட்டர்.
4. ஐரோப்பாவின் சென்டினல்-2க்கு, 2015 முதல், 10 மீட்டர். அரை கிரவுண்டுக்கும் குறைவு.

இதிலிருந்தே ஒன்று புரியும். 1960களின் 5,500 ஹெக்டேரை லேண்ட்சாட் அளந்திருக்க முடியாது, அப்போது லேண்ட்சாட்டே இல்லை. அந்தக் காலத்துக்கு நமக்கு இருப்பவை நில அளவைத் துறையின் வரைபடங்கள் போன்ற பழைய ஆவணங்களும், 1995இல் ரகசியம் நீக்கப்பட்ட கொரோனா என்ற அமெரிக்க உளவுச் செயற்கைக்கோளின் கருப்பு வெள்ளைப் படங்களும்தான். வரைபடத்தில் சதுப்பைக் குறிக்கும் கோடு அதை வரைந்தவரின் தீர்மானம். இன்றைய கணக்கோ பிக்சலை எண்ணி வருவது. இரண்டையும் ஒரே வரைகோட்டில் புள்ளிகளாக வைத்து "இவ்வளவு சதவீதம் அழிந்தது" என்று தசமப் புள்ளியோடு சொன்னால் நான் நம்ப மாட்டேன். சுருங்கியது பெருமளவு என்பதில் எனக்கு ஐயமில்லை. பெருங்குடி குப்பைக் கிடங்கும், சதுப்பைக் குறுக்கே வெட்டிப்போகும் துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலையும் எந்தப் படத்திலும் தெரிகின்றன.

காலத்திலும் ஓட்டை உண்டு. லேண்ட்சாட் 7இன் ஒரு கருவி 2003 மே இறுதியில் பழுதானது. அதன்பின் அது எடுத்த ஒவ்வொரு படத்திலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கோடுகோடாக வெற்றிடம். லேண்ட்சாட் 8 வந்தது 2013இல். பழைய மாமல்லபுரம் சாலை ஐடி சாலையாக மாறிய காலமும் கிட்டத்தட்ட இதுதான். அந்தப் பத்தாண்டைப் பற்றிய ஆய்வு எதைக் கண்டாலும், ஓட்டையை எந்தப் படத்தைக் கொண்டு அடைத்தார்கள் என்று பாருங்கள். இந்தியச் செயற்கைக்கோள் படம் என்றால் சரி. எதுவும் சொல்லவில்லை என்றால் சந்தேகப்பட இடமிருக்கிறது.

ஆகாயத்தாமரை செய்யும் குழப்பம்

பிக்சலின் எண்களை வைத்து "இது நீர், இது செடி" என்று பிரிக்க எளிய குறியீடுகள் உண்டு. தாவரக் குறியீடு, அதாவது என்டிவிஐ, அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது. நீர்க் குறியீடு, அதாவது என்டிடபிள்யூஐ, பச்சையிலிருந்து அகச்சிவப்பைக் கழித்து அதேபோல் வகுப்பது. இரண்டும் −1க்கும் +1க்கும் இடையில் நிற்கும்.

கணக்குக்காக ஒரு திறந்த நீர்ப்பரப்பை எடுத்துக்கொள்வோம். விழும் ஒளியில் பச்சை 6 சதவீதமும் அகச்சிவப்பு 2 சதவீதமும் திரும்புகிறது. (6−2)/(6+2) = 0.5. பூஜ்யத்துக்கு மேல், எனவே நீர். அடுத்த மாதம் அதே நீரின் மேல் ஆகாயத்தாமரை படர்ந்துவிடுகிறது. இப்போது பச்சை 8, அகச்சிவப்பு 38. (8−38)/(8+38) = −0.65. மென்பொருளுக்கு இது அடர்ந்த செடி. அடியில் நீர் இருப்பது அதற்குத் தெரியாது. வகைப்பட்டியலில் "பயிர் நிலம்" என்று ஒன்று இருந்தால் இந்தப் பிக்சல் அங்கே போய் விழவும் வாய்ப்பு அதிகம்.

கோடையில் நேர் எதிரான குழப்பம். கட்டடப் பரப்பைக் கண்டுபிடிக்க, குறுஅலை அகச்சிவப்பையும் அண்மை அகச்சிவப்பையும் ஒப்பிடும் என்டிபிஐ என்ற குறியீட்டைப் பயன்படுத்துவார்கள். கான்கிரீட்டுக்கு அதில் மதிப்பு கூடுதலாக வரும். சிக்கல் என்னவென்றால் காய்ந்து வெடித்த சேற்று நிலத்துக்கும் கூடுதலாகத்தான் வரும். மே மாதத்தில் வறண்டு கிடக்கும் சதுப்பின் விளிம்பு ஆய்வறிக்கையில் "கட்டடப் பகுதி" ஆகிவிடும்.

ஆக, ஒரே சதுப்பு ஜனவரியில் நீர், மார்ச்சில் வயல், மே மாதத்தில் கட்டடம். ஒரு செங்கல்கூட வைக்காமலே இவ்வளவும் நடக்கும்.

எந்த மாதப் படம்?

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. சதுப்பு நிரம்பும் அதே நாட்களில் மேகமும் மூடியிருக்கும், சாதாரண செயற்கைக்கோள் படத்தில் வெள்ளைதான் தெரியும். எனவே ஆய்வாளர்கள் மேகம் விலகிய ஜனவரி, பிப்ரவரிப் படங்களையே பெரும்பாலும் தேடுவார்கள். மேகத்தைத் துளைக்கும் சென்டினல்-1 ரேடார் படமும் 2014 முதல் கிடைக்கிறது. அசையாத நீர் அதில் கருமையாகத் தெரியும். ஆனால் நீருக்குள் நிற்கும் கோரைத்தண்டுகளில் பட்டு ரேடார் அலை இருமுறை எதிரொளித்து அந்த இடம் வெளிச்சமாகிவிடும். அதைக் கரை என்று எண்ணிவிடக்கூடாது.

மாதம் ஒன்றாக இருந்தாலும் ஆண்டு காலை வாரும். 2015 இறுதியில் சென்னை மூழ்கியது. 2016இல் வடகிழக்குப் பருவமழை கடுமையாகப் பொய்த்தது. 2016 ஜனவரிப் படத்தையும் 2017 ஜனவரிப் படத்தையும் அருகருகே வைத்தால் ஒரே ஆண்டில் சதுப்பு காணாமல் போனதுபோல இருக்கும். வரிசையை மாற்றி, வறண்ட ஆண்டை முதலிலும் வெள்ள ஆண்டை அடுத்தும் வைத்தால் சதுப்பு வளர்கிறது என்றும் நிரூபிக்கலாம். வாட்ஸ்அப் போரில் இரு தரப்புக்கும் படம் கிடைப்பதன் ரகசியம் இதுதான்.

இதற்கு மருந்து, இரண்டு படங்களை விட்டுவிட்டு எல்லாப் படங்களையும் பார்ப்பது. ஒரு பிக்சல் இத்தனை ஆண்டுகளில் எத்தனை முறை நீராக இருந்தது என்று எண்ணினால் நிரந்தர நீர், பருவ நீர், எப்போதாவது நீர் என்று தானே பிரிந்துவிடும். ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் 2016இல் இப்படித்தான் உலகம் முழுமைக்கும் மேற்பரப்பு நீர் வரைபடம் செய்தது. 1984 முதலான ஏறக்குறைய 30 லட்சம் லேண்ட்சாட் படங்கள் அதில் அடங்கும். லேண்ட்சாட் தரவு 2008 முதல் இலவசமாகாமல் இருந்திருந்தால் இப்படி ஒரு வேலையை யாரும் நினைத்தே பார்த்திருக்க முடியாது.

மென்பொருளில் நடப்பது

க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளும் இணைய இணைப்பும் இருந்தால் போதும், இந்த வேலையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். பெருந்தொகைப் படங்களுக்கு கூகுள் எர்த் எஞ்சின் வசதி. போக்கு பொதுவாக இப்படி:

1. படத்தை எடுப்பது. லேண்ட்சாட்டில் சென்னை இருப்பது பாதை 142, வரிசை 51. காற்றின் தூசும் ஈரமும் ஒளியில் செய்த மாற்றத்தைச் சரிசெய்த பதிப்பையே எடுக்க வேண்டும். இல்லையென்றால் 1991ஐயும் 2021ஐயும் ஒப்பிடும்போது நிலத்தின் மாற்றத்தோடு காற்றின் மாற்றமும் சேர்ந்துவிடும்.
2. இடத்தை எண்களால் குறிக்கும் ஆள்கூற்று முறையைச் சரிபார்ப்பது. பரப்பளவு கணக்கிட மீட்டர் அளவிலான முறை வேண்டும், சென்னைக்கு யுடிஎம் மண்டலம் 44 வடக்கு. பாகைக் கணக்கிலேயே பரப்பை எடுத்துவிட்டு விடை ஏன் 0.0001 என்று வருகிறது என விழிப்பது புதிதாகக் கற்பவர் எல்லாரும் கடக்கும் கட்டம்.
3. வகைகளை முடிவு செய்வது. நீர், கோரை, வெற்று மண், கட்டடம், குப்பைமேடு என்று. பின்னால் வரும் சண்டைகளில் பாதிக்கு விதை இங்கேதான்.
4. மாதிரி காட்டுவது. "இந்த இடம் கோரை, இந்த இடம் கூரை" என்று சில நூறு இடங்களைக் குறித்துக் கொடுத்தால், மற்ற பிக்சல்களை அதைப் பார்த்து மென்பொருள் பிரிக்கும்.
5. மாதிரியில் சேராத வேறு இடங்களை வைத்துச் சரிபார்ப்பது.
6. இரண்டு ஆண்டுகளின் வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, எது எதுவாக மாறியது என்ற அட்டவணை எடுப்பது.

தேசியத் தொலையுணர்வு மையம் 1:50,000 அளவில் நாடு முழுவதற்கும் வரைந்த நிலப் பயன்பாட்டு வரைபடங்களில் மனிதக் கண்ணின் பங்கும் பெரிது. படத்தைத் திரையில் வைத்து, பழகியவர்கள் எல்லையை வரைகிறார்கள். கணினி தானாகச் செய்வதைவிட அது பல இடங்களில் மேல். குப்பைமேட்டையும் வெற்று மணலையும் எண்ணால் பிரிப்பது கடினம், அனுபவப்பட்ட கண் லாரித் தடத்தைப் பார்த்தே சொல்லிவிடும்.

90 சதவீதம் என்ற ஆறுதல்

"எங்கள் வரைபடத்தின் துல்லியம் 90 சதவீதம்" என்று அறிக்கையில் வரும்போது நிம்மதியாக இருக்கும். ஒரு வரைபடத்துக்கு அது நல்ல மதிப்பெண்தான். மாற்றத்தை அளக்க இரண்டு வரைபடங்கள் வேண்டுமே. இரண்டும் தனித்தனியே 90 சதவீதம் சரி, ஒன்றின் பிழைக்கும் மற்றதன் பிழைக்கும் தொடர்பில்லை என்று வைத்துக்கொண்டால், இரண்டிலுமே சரியாக இருக்கும் பிக்சல்கள் 0.9 × 0.9 = 81 சதவீதம்.

2,000 ஹெக்டேர் ஆய்வுப் பகுதியில் மீதி 19 சதவீதம் என்பது 380 ஹெக்டேர். அதில் பெரும்பகுதி "மாறிய இடம்" என்ற பொய்த் தோற்றத்தோடு வந்து நிற்கும். "பத்தாண்டில் 150 ஹெக்டேர் சதுப்பு மறைந்தது" என்று அந்த அறிக்கை சொன்னால், அந்த 150 பிழைக்குள்ளேயே அடங்கிவிடக்கூடிய எண். நேர்மையான அறிக்கை 150க்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் வரம்பையும் போடும், களத்தில் சரிபார்த்த புள்ளிகளைக் கொண்டு பரப்பளவைத் திருத்தியும் தரும். செய்தியாக வரும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த வரம்புதான்.

ஒரு கண்ணில் தரிசு, மறு கண்ணில் சதுப்பு

நிலத்தின் மேல் என்ன இருக்கிறது என்பது ஒன்று, அந்த நிலத்தை மனிதர் எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்பது இன்னொன்று. முதலாவது நிலப் போர்வை. இரண்டாவது நிலப் பயன்பாடு. செயற்கைக்கோள் பார்ப்பது போர்வையை மட்டும். மண் கொட்டி மேடாக்கிய ஒரு துண்டு நிலம் விளையாட்டுத் திடலா, மனைப்பிரிவா, பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றி (பயோமைனிங்) மீட்ட இடமா என்று படம் சொல்லாது. அது நம் ஊகம்.

வகைக்குப் பெயர் வைப்பதிலோ அரசியலே இருக்கிறது. வருவாய்த்துறைப் பதிவேடுகளில் கழுவெளிகள் எனப்படும் சதுப்புநிலங்கள் நெடுங்காலம் எதற்கும் உதவாத புறம்போக்காகத்தான் இருந்தன. தேசியத் தொலையுணர்வு மையம் துணைநின்று நாடு முழுவதற்கும் தயாரான தரிசு நில வரைபடத் தொகுப்பில் "நீர் தேங்கிய, சதுப்பான நிலம்" என்பது ஒரு தரிசு வகை. இஸ்ரோவின் இன்னொரு பிரிவான அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் வெளியிட்ட ஈரநில வரைபடத் தொகுப்பிலோ அதே மாதிரி நிலம் ஈரநிலம். இரண்டும் அரசின் செயற்கைக்கோள் தரவு, இரண்டுமே தவறில்லை. தொழிற்சாலைக்கு இடம் தேடும் அதிகாரி முதல் தொகுப்பைத் திறப்பார், வழக்குப் போடுபவர் இரண்டாவதைத் திறப்பார்.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். 5,500 என்பது மழைக்காலத்தில் நீர் பரவும் சமவெளியையும் உள்ளடக்கிய பழைய சதுப்புப் பரப்பு என்று கொண்டால்தான் பொருந்தும். 600 என்பது இன்று சதுப்பாகவே மிஞ்சியிருப்பதாகச் சொல்லப்படும் பரப்பு. காப்புக்காட்டின் கிட்டத்தட்ட 700 ஹெக்டேர், வனத்துறையின் கையில் சட்டப்படி இருப்பது. 1,248 என்பது ராம்சாருக்காக வரையப்பட்ட எல்லை, காப்புக்காட்டுக்கு வெளியே உள்ள நிலமும் அதில் சேரும். ஒன்றைக் காட்டி மற்றதைப் பொய் என்பது, வீட்டின் கார்பெட் ஏரியாவைக் காட்டி பத்திரத்திலுள்ள மனைப் பரப்பைப் பொய் என்பதைப் போன்றது.

கோடு நீதிமன்றத்துக்குப் போகும்போது

செயற்கைக்கோள் வரைபடம் இந்தியாவில் ஏற்கெனவே சட்டத்துக்குள் நுழைந்துவிட்டது. 2011இல் வெளியான ஈரநிலத் தொகுப்பு 2006–07ஆம் ஆண்டு லிஸ்-3 படங்களை வைத்து, மழைக்கு முன், மழைக்குப் பின் என்று இரு பருவமும் பார்த்து 2,01,503 ஈரநிலங்களை எல்லையோடு வரைந்தது. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இந்த 2,01,503ஐயும் ஈரநில விதிகளின் கோட்பாடுகளின்படி காக்கச் சொன்னது. பிக்சலிலிருந்து எடுத்த பட்டியலுக்கு ஒரே உத்தரவில் சட்ட மதிப்பு வந்தது.

அந்தப் பட்டியலில் ஒரு வரம்பு உண்டு. 2.25 ஹெக்டேருக்குக் கீழே இருந்தவை வெறும் புள்ளிகளாகக் குறிக்கப்பட்டன. அப்படி ஐந்தரை லட்சத்துக்கும் மேல். நம் ஊர்க் குட்டைகளும் தாங்கல்களும் பெரும்பாலும் இந்தப் புள்ளிக் கூட்டத்தில்தான். அவற்றுக்கு எல்லைக்கோடு கிடையாது, எனவே மேற்சொன்ன பாதுகாப்பும் கிடையாது. வரைபடத்தின் வரம்பு இங்கே சட்டத்தின் வரம்பாகிவிட்டது.

2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் புதிய தொகுப்பின் 2,31,195 ஈரநிலங்களைக் கணக்கில் எடுத்தது. இம்முறை அவற்றை நேரில் போய்ச் சரிபார்த்து எல்லையைக் குறிக்கும்படி மாநிலங்களுக்குச் சொன்னது. படத்தில் வரைந்த கோடு மட்டும் போதாது என்பது இதன் பொருள்.

ஏன் போதாது என்பது சர்வே எண்ணைப் படத்தின் மேல் வைக்கும்போது தெரியும். புல வரைபடங்கள் பெரும்பாலும் சங்கிலி பிடித்து அளந்து காகிதத்தில் வரைந்தவை. இந்தியாவின் பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பூமி உருவ மாதிரியை அடிப்படையாகக் கொண்டவை. செயற்கைக்கோளும் ஜிபிஎஸ்ஸும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு மாதிரியைப் பயன்படுத்துகின்றன. மாற்றாமல் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் கோடு நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிப்போகும். சரியாக மாற்றினாலும், வரைபடத்தை ஸ்கேன் செய்து படத்தோடு பொருத்தும்போது சில மீட்டர் வழுக்கும். எல்லையோரத்து மனைக்கு அந்தச் சில மீட்டரே போதும், உள்ளே என்பது வெளியே ஆகிவிட.

எனவே "உங்கள் சர்வே எண் ராம்சாருக்குள் இருக்கிறது" என்று யாராவது படத்தோடு வந்தால் கேட்க வேண்டியவை: எல்லைக்கோட்டின் கோப்பு யாரிடமிருந்து வாங்கியது, எந்த ஆள்கூற்று முறையில் இருக்கிறது, கிராம வரைபடத்தைப் படத்தோடு பொருத்தியபோது எத்தனை மீட்டர் பிழை வந்தது, களத்தில் எந்தக் கல்லை வைத்துச் சரிபார்த்தார்கள். "இங்கே சதுப்பே இல்லை" என்று எதிர்த்தரப்பு ஒரு படத்தை நீட்டினாலும் கேள்விகள் இவையே, கூடவே இன்னொன்று: அந்தப் படம் எந்த மாதம் எடுத்தது.